சோற்றுக்குப் பதில் சப்பாத்தி... சர்க்கரை குறையுமா?

"சுகர் வந்துடுச்சு, இனி ராத்திரி சப்பாத்திதான்." தமிழ்நாட்டில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. சோற்றை விட்டால் மட்டும் போதுமா?

100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதே அளவு கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் சுமார் 65 கிராம். நார்ச்சத்து அதிகம் என்பதால் சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறலாம். ஆனால் ஒரு கப் சோற்றுக்குப் பதில் நான்கு சப்பாத்தி, தொட்டுக்க உருளைக்கிழங்கு குருமா என்றால் அந்தப் பலனும் போச்சு!

2025-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வும் இதையே சொல்கிறது. இந்தியர்களுக்குக் கிடைக்கும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசியிலிருந்து கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் கொஞ்சத்தைக் குறைத்து, பருப்பு, பால் போன்ற புரதத்தைச் சேர்த்தால் ஆபத்து குறையலாம்.

ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் என்ன செய்யலாம்?

▪ தட்டில் பாதி காய்கறி. உருளை, மரவள்ளி இந்தக் கணக்கில் வராது.
▪ கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன்.
▪ மீதி கால் பங்குதான் சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம்.

ஒரு எச்சரிக்கை: இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென சோற்றைக் குறைத்தால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். டாக்டரிடம் பேசி, மருந்தின் அளவைச் சரிபார்த்த பிறகே குறையுங்கள்.