நூறா, ஐநூறா?

பூ கட்டி விற்கும் அம்மா ஒருவர் எங்கள் குறைபார்வைப் பிரிவுக்கு வந்திருந்தார். சர்க்கரையால் விழித்திரை கெட்டவர். உருப்பெருக்கியை நீட்டி எழுத்து தெரிகிறதா என்று கேட்டேன். "எழுத்து கெடக்கட்டும் சார். நேத்து சாயங்காலம் நூறுன்னு நெனச்சு ஐநூறைக் குடுத்துட்டேன். நானூறு ரூபா போச்சு" என்றார். அவர் கோப்பில் 6/60 என்று இருந்தது. பணத்தை எப்படி அடையாளம் காண்கிறார் என்று நாங்கள் ஒருமுறையும் கேட்டதில்லை.

அவர் தவறியது கவனக்குறைவால் அல்ல. இன்றைய நூறு ரூபாய் ஊதா, ஐநூறு சாம்பல். சர்க்கரை நோய் விழித்திரையில் நீல மஞ்சள் வேறுபாடு மங்குவதை நாம் அறிவோம். அந்திக் கருக்கலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்ததில் வியப்பில்லை. தடவிப் பார்த்தாலும் எளிதல்ல. 2016-இல் தொடங்கிய வரிசையில் 100, 200, 500 மூன்றுக்கும் அகலம் 66 மி.மீ. நீளம் 142, 146, 150. அடுத்தடுத்த தாள்களுக்கு இடையே ஓர் அரிசி நீளம்கூட இல்லை. பழைய வரிசையில் நூறுக்கும் ஐநூறுக்கும் 10 மி.மீ. இடைவெளி இருந்தது, நடுவில் இருநூறும் இல்லை.

புடைப்புக் குறிகள் உண்டு: நூறில் முக்கோணம், ஐநூறில் வட்டம்; ஓரங்களில் நூறுக்கு நான்கு சாய்கோடுகள், ஐநூறுக்கு ஐந்து. பயிற்சி மேசையில் புதுத் தாளைக் கொடுத்து இவற்றைத் தடவச் சொல்கிறோம். சந்தையில் புழங்கும் தாளில் வியர்வையும் மடிப்பும் அந்தப் புடைப்பைத் தேய்த்துவிட்டிருக்கும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட 'மணி' செயலி நல்ல உதவிதான். ஆனால் ஈரக்கையோடு முழம் போடுபவர், வாங்குபவர் காத்து நிற்கையில் போனை எடுத்துக் காட்ட முடியுமா?

அன்று அரைமணி நேரம் ஒதுக்கினோம். 142, 146, 150-இல் வெட்டு வைத்த அட்டை ஒன்றைக் கொடுத்து, தாளின் ஒரு முனையை அதில் ஒட்டிப் பிடித்து மறுமுனை எந்த வெட்டில் நிற்கிறது என்று விரலால் பார்க்கச் சொன்னோம். மடிப்பு முறையை அவரே தேர்ந்தார்: நூறு மடிக்காமல், இருநூறு குறுக்கே, ஐநூறு நெடுக்கே மடித்துச் சுருக்குப்பையின் உள்ளறையில். இரண்டு வாரம் கழித்து வந்தபோது பையைப் பார்க்காமலேயே ஐநூறை எடுத்து என் கையில் வைத்தார்.

இப்போது எங்கள் பரிசோதனைப் படிவத்தில், பார்வைத் திறனுக்கு அடுத்த வரியிலேயே "பணம் பிரித்தறிதல்" என்று சேர்த்திருக்கிறோம். பயிற்சி மேசையில் கசங்கிய தாள்களே இருக்கின்றன. உங்களிடம் வருபவர்கள் தாமாகக் கண்டுபிடித்து வைத்திருக்கும் முறைகளை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.