பாய்லர் வெடிப்பும் பிரிவு எண்ணும்

நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7 அன்று ஒரு பாய்லர் வெடித்தது. தீக்காயம் பட்ட தொழிலாளர்களில் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். இரண்டு மாதம் கூட ஆகவில்லை. ஜூலை 1 அன்று அதே நிலையத்தின் இன்னொரு அலகில் மறுபடியும் வெடிப்பு. அன்றே ஆறு பேர் மாண்டனர். மருத்துவமனையில் சாவு மேலும் தொடர்ந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாய் இடைக்கால அபராதம் விதித்தது. ஆனால் அபராதம் வேறு, குற்றவியல் பொறுப்பு வேறு.

தொழிற்சாலைச் சாவு என்றாலே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ என்று எழுதுவது நம் காவல் நிலையங்களில் கைப்பழக்கமாகிவிட்டது. அந்த ஓர் எழுத்தால் எவ்வளவோ மாறிவிடுகிறது. 304 என்றால் அமர்வு நீதிமன்றம். அதன் இரண்டாம் பகுதியிலேயே பத்தாண்டு வரை சிறை. 304-ஏ என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதிகபட்சம் இரண்டாண்டு. அதோடு, மூன்றாண்டுக்குள் வழக்குத் தொடராவிட்டால் காலவரம்பும் குறுக்கே நிற்கும். பல தொழிற்சாலை வழக்குகளில் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் வழக்கறிஞர் இதைக் கவனிப்பதற்குள் நாள் கடந்துவிடுகிறது.

இரண்டு பிரிவுகளையும் பிரிப்பது ஒன்றே: சாவு நேரக்கூடும் என்பதை அறிந்திருந்தாரா? பாய்லர் வெடித்தால் உயிர் போகும் என்பது மே 7-க்குப் பின் அந்த நிலையத்தில் எவருக்கும் தெரியாததல்ல. அந்தப் பொது அறிவு மட்டும் வழக்குக்குப் போதாது. குறிப்பிட்ட அந்த அலகில் குறை இருந்ததா, அது தெரிந்தும் ஆட்களை உள்ளே அனுப்பியவர் யார் என்பதே கேள்வி. அப்படி எவரும் இல்லை என்று ஆவணங்கள் காட்டினால் 304-ஏ சரியானதே. ஆவணங்களைப் பார்க்கும் முன்பே அந்த முடிவுக்கு வருவதைத்தான் ஏற்க முடியாது.

மும்பையில் குடிபோதையில் கார் ஓட்டி, நடைபாதையில் உறங்கிய ஏழு பேரின் உயிரைப் பறித்த அலிஸ்டர் பெரேரா வழக்கில், 304 இரண்டாம் பகுதித் தண்டனையை 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. போபால் வழக்கில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1996-இல் கேசப் மகேந்திரா தீர்ப்பு குற்றச்சாட்டை 304-ஏ ஆகக் குறைத்தது. 2010-இல் விசாரணை நீதிமன்றத்தால் விதிக்க முடிந்தது இரண்டாண்டுதான். 1996 தீர்ப்பைத் திருத்தக் கோரிய மனுவைத் தள்ளுபடி செய்தபோது, 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நாம் போதுமான அளவு பயன்படுத்தவில்லை: சாட்சியம் வலுத்தால் வழக்கை அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்ப மாஜிஸ்திரேட்டுக்கு அந்தத் தீர்ப்பு தடையல்ல.

இதே நெய்வேலியில் 2014 மார்ச்சில் சுரங்க வாயிலருகே மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் சுட்டதில் ஒப்பந்தத் தொழிலாளி இறந்தார். அத்தகைய வழக்கில் கொலையா, திடீர்ச் சினமா, பொது ஊழியர் அதிகார வரம்பை மீறியதா என்று விதிவிலக்குகளை ஒவ்வொன்றாக நாம் அலசுவோம். துப்பாக்கி பிடித்த கை கண்ணுக்குத் தெரிகிறது. பராமரிப்பைத் தள்ளிப்போட்ட கையெழுத்து தெரிவதில்லை; அதற்கும் அதே உழைப்பைத் தர வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(1) கவனக்குறைவுச் சாவுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. மூன்றாண்டுக் காலவரம்பு இதற்குப் பொருந்தாது. இந்த மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆனால் ஐந்தாண்டு கிடைக்கிறதே என்று, பழைய 304-க்கு இணையான 105-ஐ எண்ணிப் பார்க்காமல் விடும் ஆபத்தும் இதில் இருக்கிறது. 2020 சாவுகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

எனவே, வெடிப்பு நடந்த வாரத்திலேயே ஷிப்ட் பதிவேடு, பராமரிப்புக் குறிப்பேடு, வேலை அனுமதிச் சீட்டு, அலகை நிறுத்தக் கேட்ட கடிதங்கள், கட்டுப்பாட்டு அறைக் கணினிப் பதிவுகள் ஆகியவற்றை வரவழைக்க, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின் கீழ் மனு போடுங்கள். குற்றப்பத்திரிகை வந்த பிறகும் 193(9)-இன் கீழ் மேல்விசாரணை கோரலாம்; ஆனால் அதற்குள் பதிவேடுகள் அதே நிலையில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.