மூளையைக் காக்கும் தொடை ஊசி

அன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் எடை எவ்வளவு, யார் சாயல், என்ன நட்சத்திரம் என்றெல்லாம் விசாரிப்பார்கள். வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்று கேட்பவர் அநேகமாக இல்லை. அந்தக் குழந்தையின் மூளைக்காகக் கேட்க வேண்டிய கேள்வி அது.

கோழிப் பண்ணைகள் நிறைந்த நம் மண்ணுக்கு இந்தச் சத்தின் கதை அந்நியமல்ல. கொழுப்பு நீக்கிய தீவனம் தின்ற குஞ்சுகள் ரத்தம் கசிந்து சாவதை டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் கவனித்தார். ரத்தத்தை உறையவைக்கும் அந்தச் சத்துக்கு 1935-இல் ‘கே’ என்று பெயரிட்டார். 1943-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

இன்று இதன் பேச்சு மறதி நோயை நோக்கித் திரும்பியிருக்கிறது. கீரையிலிருந்து கிடைக்கும் வைட்டமினை உடல் வேறு வடிவத்துக்கு மாற்றி மூளையில் வைத்திருக்கிறது என்பது உண்மை. சிகாகோவில் 960 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியான ஆய்வில், தினமும் கீரை உண்டவர்களின் நினைவாற்றல் மெதுவாகவே குறைந்தது. ஆனால் அது வைட்டமின் கே ஒன்றினால்தான் என்று நிறுவப்படவில்லை. ஆகவே மாத்திரைக்குக் காசு கொட்ட வேண்டாம். எண்ணெய் விட்டுத் தாளித்த கீரைக் கடைசல் போதும்; கொழுப்போடு சேர்ந்தால்தான் இந்தச் சத்து உடலில் சேரும். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் கீரையைத் திடீரென்று கூட்டவோ அடியோடு நிறுத்தவோ கூடாது. மருத்துவரிடம் கேட்டு ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும்.

மறதியில் இருக்கும் ஐயம் சிசுவின் விஷயத்தில் இல்லை. கருவிலிருக்கும் பிள்ளைக்கு நஞ்சுக்கொடி வழியாக இந்தச் சத்து மிகக் கொஞ்சமே போகிறது. தாய்ப்பாலிலும் சொற்பம். தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை. இந்த ஒரு சத்தை மட்டும் நாம் வெளியிலிருந்து கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் விட்டால், தாய்ப்பால் குடித்து நன்றாகத் தேறிவரும் குழந்தைக்கு இரண்டாவது வாரத்துக்குப் பிறகு, ஆறு மாதம் வரைகூட, திடீரென்று ரத்தம் கசியலாம். அபூர்வம்தான். ஆனால் அப்படிக் கசியும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது தலைக்குள் நிகழ்கிறது. பால் குடிக்காது, வெளிறும், உச்சிக்குழி புடைக்கும், வலிப்பு வரும். உரம் விழுந்திருக்கும், கண்ணு பட்டிருக்கும் என்று எண்ணிக் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளைக்குச் சேதம். பிழைத்த குழந்தைகள் பலருக்கு வலிப்பும் வளர்ச்சிக் குறையும் வாழ்நாள் முழுக்கத் தொடர்கின்றன.

இத்தனையையும் தடுப்பது பிறந்த சில மணி நேரத்துக்குள் தொடையில் போடும் 1 மில்லிகிராம் மருந்து. ஒரு கிலோவுக்குக் குறைவான சிசுவுக்கு அதில் பாதி. மருத்துவமனையில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைப் போட வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

வீட்டிலேயே பிரசவம் பார்ப்பதுதான் இயற்கை என்ற பேச்சு கொங்கு நாட்டில் பரவியதை மறக்க முடியாது. 2018-இல் திருப்பூரில் அப்படி ஒரு பிரசவத்தில் ஓர் இளம் தாயைப் பறிகொடுத்தோம். வீட்டில் பிறக்கும் பிள்ளைக்கு இந்த ஊசியும் தவறிப்போகிறது. ஊசியே வேண்டாம் என்பது இங்கே கொள்கை அல்ல, குழந்தையின் மூளையை வைத்து ஆடும் சூதாட்டம்.

குழந்தையை வீட்டுக்குத் தூக்கி வருமுன் டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள். வைட்டமின் கே போட்டதாக அதில் எழுதியிருக்காவிட்டால், அங்கேயே நர்ஸிடம் கேளுங்கள்.