வாசல் திறந்திருக்கு, அங்கால சுவர்

"இலவசமா ஒரு போன் கேம் விட்டால் போதும், புது ஆக்கள் வருவினம். வந்தவை அந்தப் பெயரில இருக்கிற அட்டை, கார்ட்டூன், கன்சோல் எல்லாத்துக்கும் தானாகப் போவினம்." கேமிங் பற்றிப் பேசுற இடமெல்லாம் இந்த நம்பிக்கை ஓடுது. நிலாவெளியில இருந்து பார்க்கிற எங்களுக்கு இது பாதிதான் உண்மை.

அந்தப் பாதியை முதலே ஒத்துக்கொள்ளுறம். 2016 ஜூலையில் போக்கிமான் கோ வந்தபோது அமெரிக்காவில் பழைய போக்கிமான் கேம்களின் விற்பனையும் கூடியது. 2018இல் ஸ்விட்ச் கன்சோலுக்கு 'லெட்ஸ் கோ' கேம்கள் இரண்டு வந்தன. போனில் பிடித்ததை அவற்றுக்குள் அனுப்பலாம். இரண்டும் சேர்ந்து ஒரு கோடிக்கு மேல் விற்றன.

ஆனால் அங்க ஏற்கெனவே என்ன இருந்தது? 1990களில் கேம் பாய் வைத்திருந்த ஒரு தலைமுறை இருந்தது. அட்டை விற்கிற கடை, கடைக்குள்ளேயே மேசை, மேசைக்கு எதிரில் விளையாட ஆள், எல்லாம் இருந்தது. போன் கேம் அந்த வழியை நினைவுபடுத்தியது, அவ்வளவுதான்.

எங்களுக்கு நடந்தது வேற. இலங்கைக்கு அந்தக் கேம் 2016 டிசம்பரில்தான் வந்தது. அதில் பொருள் எடுக்கிற போக்கிஸ்டொப்கள் பெரும்பாலும், நியான்டிக்கின் முந்தைய கேமான இன்க்ரெஸ்ஸை ஆடியவர்கள் குறித்துக் கொடுத்த இடங்களில் இருந்து வந்தவை. அப்ப இன்க்ரெஸ் ஆட ஆளில்லாத ஊருக்குப் பெரும்பாலும் போக்கிஸ்டொப்பும் இருக்கவில்லை. நகரங்கள் நிறைந்து கிராமங்கள் வெறிச்சோடினது இதனாலதான். நடந்து பிடியுங்கோ எண்டு சொன்ன கேம், நாங்கள் நடக்க முதலே ஊரைப் பிரிச்சுப்போட்டுது.

2024 அக்டோபரில் அட்டை விளையாட்டே போனுக்கு வந்தது. நாளுக்கு 2 பக்கெட் இலவசம். பிரிக்கிறம், படமும் வடிவாத்தான் இருக்கு. அடுத்தது என்ன? உண்மையான அட்டையை நிலாவெளியில எந்தக் கடையில வாங்கிறது? வாங்கினாலும் ஆரோட விளையாடுறது?

கரத்தைப் பாருங்கோ. மினிகிளிப்பின் கரம் கேம் எங்கட ஆக்களின் எத்தனையோ போனில கிடக்கு. குறி பார்க்க அதுவே கோடு கீறித் தரும், விரல் நோகாது, பவுடர் தேவையில்லை. அதை ஆடின ஒருத்தர் நிஜப் பலகைக்கு வாறாரெண்டால், வாசிகசாலையில ஒரு பலகை கிடக்கிறபடியால்தான் வாறார். நாலாவது ஆளுக்கு இடமிருக்கு. "வா தம்பி, இரு" எண்டு சொல்ல ஒரு அண்ணையோ நானாவோ இருக்கிறார். கரத்துக்குச் சொந்தக்காரக் கம்பனியும் இல்லை, விளம்பரமும் இல்லை. எண்டாலும் தலைமுறை தலைமுறையா ஆள் சேருது.

ஆனால் "வா தங்கச்சி" எண்டு சொல்ல ஆர் இருக்கினம்? பின்னேரம் பலகையைச் சுத்தி நிக்கிறது பொடியள்தான். பொம்பிளைப் பிள்ளையள் அதே விளையாட்டை வீட்டுக்குள்ள, போனுக்குள்ளயே முடிச்சுக்கொள்ளுகினம். திறமை இல்லாமலா? 2024இல் அமெரிக்காவில் நடந்த கரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா, சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். அவருக்குப் பலகை கிடைத்தது. எங்கட தங்கச்சிமாருக்கு இன்னும் போன் மட்டும்தான்.

அதால, டவுன்லோட் கணக்கைக் காட்டி "புதியவர்கள் வந்துவிட்டார்கள்" எண்டு கம்பனியள் சொல்லுறதை நாங்கள் ஏற்கமாட்டம். அதே கேள்வியை எங்கட கழகங்களிட்டயும் கேக்கிறம். கிழமையில ஒரு பின்னேரமாவது பலகையைப் பெண்களுக்கு விடுங்கோ. அடுத்த சுற்றுப்போட்டியில பெண்கள் பிரிவு வையுங்கோ. அட்டை விளையாட்டில ஆசையுள்ளவை, கடதாசியில கீறியெண்டாலும் மேசைக்குக் கொண்டு வாங்கோ. எதிரில இருக்க நாங்கள் வாறம்.