எஸ்யூவியா, காரா? ஸ்ரீபெரும்புதூர் வண்டிகளில் ஒளிந்திருக்கும் 4 மீட்டர் கணக்கு

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டும்போது, புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் டிரெய்லர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். 1998-ல் ஹூண்டாய் ஆலையிலிருந்து முதலில் வெளியே வந்த வண்டி சான்ட்ரோ. குட்டிக் கார். அந்தப் பெயரே 2022-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று ஹூண்டாய் இந்தியாவில் விற்கும் மூன்று வண்டிகளில் இரண்டு எஸ்யூவி.

பக்கத்தில் ஒரகடத்திலும் இதே கதைதான். ரெனோ-நிஸான் ஆலை 2010-ல் மைக்ரா என்ற சின்னக் காருடன் தொடங்கியது. இப்போது அதன் அடையாளம் மேக்னைட்டும் கைகரும். நாடு முழுக்கப் பார்த்தாலும் போக்கு மாறவில்லை. 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனங்களில் கிட்டத்தட்ட 28 லட்சம் 'யுடிலிட்டி' வகை. சாதாரணக் கார்கள் 13.5 லட்சம்தான். (எர்டிகா, ட்ரைபர் மாதிரி ஏழு சீட் வண்டிகளும் அந்த 28 லட்சத்துக்குள் அடக்கம்.)

ஆக, இந்தப் பகுதியில் வேலை பார்த்து, கொஞ்சம் சேமித்து, முதல் கார் வாங்கப் போகும் எவரும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று வந்துவிட்டது. "ஐ20 எடுக்கவா, வென்யூ எடுக்கவா? வெர்னாவா, கிரெட்டாவா?" குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பாருங்கள், மாமாவிலிருந்து மச்சான் வரை ஆளுக்கொரு பதில் வரும். அந்தப் பதில்களில் பெரும்பாலானவை ஒரு தப்பான கோட்டில் நின்று பேசுகின்றன என்பதுதான் விஷயம்.

சட்டத்தின் கண்ணில் எது எஸ்யூவி?

ஷோரூமில் எஸ்யூவி என்று சொல்லி விற்பதை எல்லாம் அரசாங்கம் எஸ்யூவியாகப் பார்ப்பதில்லை. அரசின் கையில் இருப்பது ஒரு டேப், ஒரு இன்ஜின் அளவு. அவ்வளவுதான்.

2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் 'சிறிய கார்' என்பதற்கு ஒரு வரையறை கொடுத்தார். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். இதற்குள் அடங்கினால் உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறையும். நோக்கம் சின்னக் காரை ஊக்குவிப்பது. ஆனால் கம்பெனிகள் என்ன செய்தன? டிக்கியை வெட்டி 4 மீட்டருக்குள் செடான் செய்தன. பிறகு அதே அளவுக்குள் எஸ்யூவியும் செய்தன. மறைமலை நகரில் தயாராகி 2013-ல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் அந்த வழியைப் பெரிதாகத் திறந்துவிட்டது.

அதே 2013-ல் பெரிய எஸ்யூவிகளுக்கு உற்பத்தி வரி 27-லிருந்து 30 சதவீதமாக ஏறியது. அப்போது எஸ்யூவிக்கு ஒரு இலக்கணம் எழுதினார்கள்: 4 மீட்டருக்கு மேல் நீளம், 1500 சிசிக்கு மேல் இன்ஜின், தரையிலிருந்து 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் உயரம். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோதும் இந்த மூன்று நிபந்தனைகளும் தொடர்ந்தன. மூன்றும் சேர்ந்து பொருந்தினால்தான் உச்சபட்ச வரி, 28 சதவீதமும் 22 சதவீத செஸ்ஸும்.

இப்போது கிரெட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் 1497 சிசி. மூன்று சிசி குறைவு. அதனால் ஊரே எஸ்யூவி என்று கொண்டாடிய கிரெட்டா, வரிக் கணக்கில் எஸ்யூவியே இல்லை. வெர்னா செடான் கட்டிய அதே 45 சதவீதத்தைத்தான் அதுவும் கட்டியது. வென்யூ, எக்ஸ்டர், மேக்னைட், கைகர் எல்லாம் சட்டத்தின் கண்ணில் சின்னக் கார்கள்.

2025 செப்டம்பர் 22-லிருந்து செஸ்ஸே போய்விட்டது. இரண்டே படிகள். 4 மீட்டருக்குள், பெட்ரோல் 1200 சிசி அல்லது டீசல் 1500 சிசிக்குள் இருந்தால் 18 சதவீதம். மற்ற எல்லாவற்றுக்கும் 40 சதவீதம். முன்பு சின்ன பெட்ரோல் காருக்கு 29, நடுத்தரத்துக்கு 45, பெரிய எஸ்யூவிக்கு 50 என்று இருந்தது. எல்லாருக்கும் குறைந்தது உண்மை. ஆனால் சின்னதுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில் 16 புள்ளியாக இருந்த பள்ளம் 22 ஆக அகலமாகிவிட்டது.

இதோடு தமிழ்நாட்டின் ஆயுட்கால சாலை வரியைச் சேர்க்க வேண்டும். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். வரிக்கு முன் விலை ரூ.8 லட்சம் உள்ள இரண்டு வண்டிகள். ஒன்று 4 மீட்டருக்குள், ஜிஎஸ்டியோடு 9.44 லட்சம், சாலை வரியோடு சுமார் 10.67 லட்சம். இன்னொன்று கொஞ்சம் நீளம், ஜிஎஸ்டியோடு 11.2 லட்சம், சாலை வரியோடு சுமார் 13.22 லட்சம். ஆலை வாசலில் ஒரே விலையில் நின்ற இரண்டு வண்டிகளுக்கு இடையில் இரண்டரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம். இன்ஷூரன்ஸ், ஆக்சஸரி இதெல்லாம் இன்னும் வரவே இல்லை. அந்தப் பணத்துக்கு இஎம்ஐ கட்டப் போவது நீங்கள்.

அதனால் எஸ்யூவியா காரா என்ற கேள்வி பர்ஸைப் பொறுத்தவரை இரண்டாம்பட்சம். கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதுதான் முதல் கேள்வி.

சட்டையைக் கழற்றினால் ஒரே உடம்பு

கிராண்ட் ஐ10 நியாஸும் எக்ஸ்டரும் இருங்காட்டுக்கோட்டைப் பிள்ளைகள். இரண்டுக்கும் அடித்தளம் ஒன்று, நீளம் ஒன்று (3,815 மி.மீ.), 1197 சிசி பெட்ரோல் இன்ஜின் ஒன்று. ஒன்று கார், இன்னொன்று எஸ்யூவி. பெரிய வித்தியாசம் உயரமும் தோரணையும்தான். தரை இடைவெளி நியாஸுக்கு 165 மி.மீ., எக்ஸ்டருக்கு 185. ஒரகடத்தில் க்விட்டின் அடித்தளத்தை நீட்டி வளர்த்தெடுத்ததில்தான் ட்ரைபர், மேக்னைட், கைகர் மூன்றும் வந்தன.

இவை எல்லாமே முன் சக்கரத்தால் ஓடும் வண்டிகள். கிரெட்டாவிலும் நான்கு சக்கர டிரைவ் கிடையாது. சேற்றிலும் மணலிலும் இறங்கி ஏறும் வண்டி என்று விளம்பரம் காட்டுவதை நம்பி மகாபலிபுரம் கடற்கரையில் இறக்கினால் டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டும். இந்தப் பகுதியிலிருந்து அப்படி ஒரு வண்டி வந்ததே இல்லையா என்றால், வந்தது. ஒரகடத்து டஸ்டர் 2014-ல் ஆல் வீல் டிரைவோடு கிடைத்தது.

சரி, அப்படியென்றால் மக்கள் ஏமாறுகிறார்களா? அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்கள் வாங்குவது உயரத்தை. சான்ட்ரோ வந்தபோதே அது மற்ற சின்னக் கார்களைவிட உயரமாகத்தான் இருந்தது, அதுவே அதன் பலமும் ஆனது. முட்டிவலி உள்ள அம்மா குனியாமல் நேராக உட்கார்ந்து இறங்க முடிகிறதா என்பது நம் வீடுகளில் சின்ன விஷயம் இல்லை. ஐந்து பேரோடு போகும்போது அளவே இல்லாமல் போட்டு வைத்திருக்கும் வேகத்தடையில் அடி தட்டாமல் இருப்பதும் அப்படித்தான்.

வெள்ளம் வந்தால்?

சென்னைக்காரர்கள் உயரமான வண்டி தேடுவதற்கு 2015 டிசம்பரும், 2023 டிசம்பர் மிக்ஜாமும் பெரிய காரணம். கனமழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நிறுத்தும் ஊர் இது. அந்த வரிசையில் எஸ்யூவிகளும் நிற்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் நியாஸுக்கும் எக்ஸ்டருக்கும் உள்ள 20 மி.மீ. வித்தியாசம் ஒரு விரல் தடிமன்தான். முட்டளவுத் தண்ணீருக்கு அது போதாது.

தண்ணீரில் இன்ஜினைக் காப்பது, காற்றை இழுக்கும் குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. அதற்குள் தண்ணீர் போய்விட்டால் இன்ஜின் நின்றுவிடும். பதற்றத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்தால் உள்ளே கனெக்டிங் ராடு வளையும். இந்தச் செலவைச் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி பொதுவாக ஏற்காது. 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனியாகச் சேர்க்க வேண்டும். ஷோரூமில் சீட் கவரைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இதைக் கேட்கச் செலவழிக்கலாம். வண்டி எஸ்யூவியானாலும் சரி, காரானாலும் சரி.

பெரிய வண்டி, பாதுகாப்பான வண்டி?

"கனமான வண்டி, அடிபட்டா தாங்கும்" என்பது அடுத்த நம்பிக்கை. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2022-ல் கிரெட்டா 3 ஸ்டார் வாங்கியது. 2023 அக்டோபரில் வெர்னா செடான் 5 ஸ்டார் வாங்கியது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்தக் கிரெட்டா இரண்டு ஏர்பேக் உள்ள பழைய மாடல், இரண்டு சோதனைகளின் விதிமுறையும் வேறு. 2023 அக்டோபரில் ஹூண்டாய் தன் எல்லா மாடல்களிலும் ஆறு ஏர்பேக் கொடுப்பதாக அறிவித்தது. ஆனாலும் வண்டியின் உருவத்தைப் பார்த்து பாதுகாப்பை அளக்க முடியாது என்பது இதிலிருந்தே தெரிகிறது. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்ற நம் நாட்டு மதிப்பீடும் இருக்கிறது. நீங்கள் வாங்கும் மாடலுக்கு, அதே வருஷத்து வண்டிக்கு என்ன ஸ்டார் என்று பார்ப்பது ஒன்றுதான் வழி.

வண்டிக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி ஷோரூமில் யாரும் பேசுவதில்லை. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி எத்தனை பேர் நடந்து ரோட்டைக் கடக்கிறார்கள் என்று. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இன்ஷூரன்ஸ் நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பக்கம் சுமார் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால் நடந்து போகிறவர் இறக்கும் வாய்ப்பு, தாழ்வான, சரிவான முகம் கொண்ட வண்டிகளைவிட சுமார் 45 சதவீதம் அதிகம் என்றது. அது அமெரிக்காவின் ராட்சத வண்டிகளைப் பற்றியது. நம் எக்ஸ்டருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் தட்டையான, உயரமான முகம்தான் இப்போது இங்கேயும் ஃபேஷன்.

பாரிஸில் 2024 பிப்ரவரியில் வாக்கெடுப்பு வைத்து, வெளியூர் கனரக எஸ்யூவிகளுக்கு பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்கள். அங்கே பெட்ரோல் வண்டிக்கு எல்லை 1.6 டன். அந்தத் தராசில் வைத்தால் நம் கிரெட்டாகூடத் தப்பித்துவிடும்.

ஆலைகளுக்கு இதில் என்ன?

இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இது வெறும் ரசனைப் பேச்சு இல்லை. எந்த மாடல் ஓடுகிறதோ அதைப் பொறுத்துத்தான் ஷிஃப்ட்டும் ஓவர்டைமும் சப்ளையர் ஆர்டரும். "எஸ்யூவி செய்தால் ஆலை பிழைக்கும்" என்று சொல்பவர்கள் மறைமலை நகரை மறந்துவிடுகிறார்கள். சின்ன எஸ்யூவி மோகத்தைக் கிளப்பிய ஈகோஸ்போர்ட்டே 2022-ல் அந்த ஆலையின் கடைசி வண்டியானது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2025 அக்டோபரில் ரூ.3,250 கோடியில் இன்ஜின் தயாரிக்க ஒப்பந்தம் போட்டிருக்கிறது. உற்பத்தி 2029-ல்.

ஹூண்டாயின் புதிய வென்யூ 2025 நவம்பரில் வந்தது. அது தயாராவது புனே அருகே தலேகானில். எனவே எஸ்யூவி விற்றால் அந்த வேலை தானாக இங்கேதான் வரும் என்றும் சொல்ல முடியாது.

இன்னொரு சண்டை டெல்லியில் நடக்கிறது. 2027 ஏப்ரலிலிருந்து வர வேண்டிய புதிய எரிபொருள் சிக்கன விதிகளின் வரைவு 2025 செப்டம்பரில் வெளியானது. 909 கிலோவுக்குள் உள்ள சின்ன பெட்ரோல் கார்களுக்குச் சலுகை தரலாம் என்று அதில் இருந்தது. மாருதிக்கு அது பிடித்தது. டாடா, மஹிந்திரா எதிர்த்தன. பைக்கிலிருந்து முதல் முறையாகக் காருக்கு மாற நினைக்கும் குடும்பத்துக்கு 5 லட்சத்துக்கு அருகில் ஒரு வண்டி மிஞ்சுமா என்பது இந்த மாதிரி விதிகளில்தான் இருக்கிறது. ஒரகடத்தின் க்விட் அந்த எடைக்குள் வரும் வண்டி.

அப்போ எதை எடுப்பது?

என் கணிப்பு இது. தினமும் தாம்பரத்திலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ தனியாக ஆலைக்கு ஓட்டிப் போகிறவருக்கு உயரம் பெரிதாக ஒன்றும் தரப்போவதில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் உயரமான உடம்பு காற்றை அதிகம் தள்ள வேண்டும், அதற்குப் பெட்ரோல் போடுவது நீங்கள்தான். ஹேட்ச்பேக் போதும். வயதான பெற்றோர், ஊருக்குப் போகும் மண் ரோடு என்று இருந்தால் 4 மீட்டருக்குள் உள்ள எஸ்யூவி நல்ல சமரசம். வரியும் அதே 18 சதவீதம்தான்.

கோட்டைத் தாண்டி 40 சதவீதப் பக்கம் போவதென்றால், வெர்னாவும் கிரெட்டாவும் ஒரே ஜிஎஸ்டி விகிதத்தில் நிற்கின்றன. அங்கே டிக்கியைத் திறந்து பாருங்கள்: வெர்னாவில் 528 லிட்டர், கிரெட்டாவில் 433. ஸ்டார்களைப் பாருங்கள். பிறகு டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர் காட்டும் வழுவழு சாலையை விட்டுவிட்டு, அம்மா அப்பாவைப் பின் சீட்டில் உட்கார வைத்து, உங்கள் தெருமுனையில் இருக்கும் அந்த மோசமான வேகத்தடைக்கே வண்டியைக் கொண்டு போங்கள்.