தாதியாக விரும்பும் மகளுக்கு எமது பதில் என்ன?

புலம்பெயர்ந்த எமது குடும்பங்களில் பிள்ளை ஒன்பதாம் வகுப்பை எட்டியதும் ஒரே கேள்விதான் எழுகின்றது: "டொக்டரா, எஞ்சினியரா?" இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது விடையொன்று இருக்கலாம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஸ்டுட்கார்ட் நகரில் அண்மையில் சந்தித்த தாயார் ஒருவர் மனம் வருந்திக் கூறினார்: "மகள் நேர்ஸாகப் போகப் போறாளாம். சனத்துக்கு என்ன மறுமொழி சொல்லுறது?" மகள் செய்த குற்றம் இதுதான். பாடசாலையினர் ஏற்பாடு செய்த ஒருவாரத் தொழில் அறிமுகத்திற்கு அவள் வைத்தியசாலையொன்றைத் தெரிவு செய்தாள், நோயாளருடன் பழகினாள், அத்தொழிலை விரும்பிவிட்டாள்.

அத்தாயாரின் கவலை புரியாததன்று. 1980களில் இந்நாட்டுக்கு வந்த எம்மவரில் பலருக்கு, அகதி விண்ணப்பம் விசாரணையில் இருந்த காலத்தில் வேலை செய்யும் அனுமதியே மறுக்கப்பட்டிருந்தது. அனுமதி கிடைத்த பின்னரும் உணவகச் சமையலறைகளும் துப்புரவுப் பணிகளுமே அவர்களுக்காகக் காத்திருந்தன. "நான் கோப்பை கழுவினேன், என் பிள்ளை அப்படி இருக்கக் கூடாது" என்ற வைராக்கியத்துடனேயே அவர்கள் பிள்ளைகளைப் படிப்பித்தனர். அவ்வைராக்கியம் போற்றுதற்குரியது. ஆயின் தாதியர் தொழிலையும் கோப்பை கழுவுதலையும் ஒரே தட்டில் வைத்து நோக்குவது பெருந் தவறாகும்.

இத்தொழிற்கல்வி எத்தகையது? 2020 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த தாதியர் தொழிற்சட்டம், வைத்தியசாலைத் தாதியர், சிறுவர் தாதியர், முதியோர் பராமரிப்பாளர் எனப் பிரிந்திருந்த பயிற்சிகளைப் பொதுவான ஒரே பயிற்சியாக்கியது. மூன்றாண்டுக் கல்வி. வகுப்பறையில் 2,100 மணி நேரம், நோயாளர் அருகே 2,500 மணி நேரம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் போதுமானது. ஒன்பதாம் வகுப்போடு முடித்தவரும் உதவித் தாதியர் பயிற்சி பெற்ற பின் இதனுள் நுழையலாம். கட்டணம் இல்லை, மாறாக ஊதியம் உண்டு. பொதுத்துறை ஊதிய உடன்படிக்கைக்குட்பட்ட வைத்தியசாலைகளில் முதலாம் ஆண்டிலேயே மாதம் 1,300 யூரோவுக்கு மேல், வரி கழியுமுன், கிடைக்கின்றது. ஸ்டுட்கார்ட்டில் நகரசபையின் கிளினிக்கும், றொபேர்ட் பொஷ் வைத்தியசாலை, மரியன் வைத்தியசாலை ஆகிய யாவும் இப்பயிற்சியை அளிக்கின்றன.

மருத்துவம் படிக்க வேண்டுமென்ற கனவு இத்தோடு முடிந்துவிடுவதுமில்லை. பத்தாம் வகுப்பின் பின் சமூக, சுகாதார விஞ்ஞானக் கிம்நாசியத்தில் மூன்றாண்டு கற்று அபித்தூர் பெறும் வழி இம்மாநிலத்தில் உண்டு. மருத்துவபீட இடங்களில் ஒரு பகுதிக்கான தெரிவில், முடித்த மருத்துவத் தொழிற்பயிற்சியும் கணக்கிற் கொள்ளப்படுகின்றது. அபித்தூர் புள்ளிகள் போதாமல் ஆண்டுக்கணக்கில் வீட்டிலிருந்து ஏங்கும் பிள்ளையைவிட, மூன்றாண்டில் கையிலே தொழிலோடு நிற்கும் பிள்ளை முன்னே நிற்கின்றது.

அகதி அந்தஸ்து கிடைக்காது தவிக்கும் இளைஞருக்கோ இது வாழ்வா தாழ்வா என்ற விடயம். 2016ஆம் ஆண்டின் ஒருங்கிணைப்புச் சட்டம், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவரும் தொழிற்பயிற்சிக் காலம் முழுவதும், அதன் பின் அத்தொழிலில் இரண்டாண்டுகளும் நாடுகடத்தப்படாது தங்குவதற்கு வழி திறந்தது. 2024 மார்ச் முதல் பயிற்சிக்கென வதிவிட அனுமதியே பெறும் வாய்ப்பும் உண்டு. அடையாளத்தை நிரூபித்தல் முதலான கடும் நிபந்தனைகள் உள்ளமையால், ஒப்பந்தத்திற் கையொப்பமிடுமுன் சட்டத்தரணியையோ அகதிகள் ஆலோசனை நிலையத்தையோ நாடுவது அவசியம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளை என்பதற்காகவே "உனக்குத் தொழிற்பயிற்சி போதும்" என்று எந்த ஆசிரியரேனும் கூறின், அதனைத் தலையாட்டி ஏற்க வேண்டியதில்லை. கெட்டிக்காரப் பிள்ளையின் பாதையை அடைப்பதற்குத் தொழிற்கல்வி ஒரு கதவாகக் கூடாது. இரவு வேலை, முதுகு நோகும் உழைப்பு, மரணத்தை அருகிருந்து காணும் வேதனை ஆகியவற்றையும் மறைக்கக் கூடாது. விரும்பாத பிள்ளையைத் தள்ளுவதும் விரும்பும் பிள்ளையைத் தடுப்பதும் ஒரே பிழைதான்.

நோயாளரின் படுக்கையருகே நின்று தொழில் பழகுவது எமக்குப் புதிதுமன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் எமது இளைஞர்களுக்கு மருத்துவம் பயிற்றினார்; பின்னாளில் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். நோயாளருக்கு விளங்கும் மொழியில் மருத்துவம் நடக்க வேண்டுமென்பதை அந்நியர் ஒருவர் உணர்ந்திருந்தார்.

அவ்வுண்மை இன்று எம் வாசலில் வந்து நிற்கின்றது. அன்று இளைஞராக வந்து இறங்கியோர் இன்று முதுமை எய்துகின்றனர். சமையலறையிற் கற்ற சொற்ப ஜேர்மன் மொழி, மறதிநோய் வந்தால் முதலில் மறைந்துபோகும். நெஞ்சு அடைக்கின்றதா, மனம் பாரமாயிருக்கின்றதா என்பதை அவர்கள் யாரிடம் சொல்வர்? 2021 டிசம்பரில் கேரள அரசின் நோர்க்கா நிறுவனம் ஜேர்மன் தொழில் முகவரகத்துடன் தாதியரை அனுப்புவதற்கு உடன்படிக்கை செய்தது. அங்கிருந்து வருவோர் மொழியைப் புதிதாகக் கற்றே வரவேண்டும். எம் பிள்ளைகளோ இரு மொழிகளையும் நாவில் வைத்துக்கொண்டு இங்கேயே இருக்கின்றனர்.

ஆகவே பெற்றோரே, பிள்ளையின் தொழில் அறிமுக வாரத்தைத் தெரிந்தவர் கடையில் கழித்துவிட விடாதீர்கள். வைத்தியசாலைக்கோ முதியோர் இல்லத்திற்கோ ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். திரும்பி வந்து அவள் சொல்வதை அமைதியாகக் கேளுங்கள். சனத்துக்கு என்ன மறுமொழி சொல்வது என்று வருந்திய அத்தாயாருக்கும் நாம் கூறுவது இதுவே: "என் மகள் தாதி" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். நாளை அந்தச் சனத்தின் தலையணையருகே நிற்கப் போகின்றவள் அவள்தான்.