தீவு கண்டார், நாடு காணார்

அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஒரு பருவமோ ஓராண்டோ தங்கிப் பயில மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வரும் மாணாக்கர் தொகை சிறிதன்று. வகுப்புகள் தொடங்கிச் சில வாரங்களில் இடைவிடுமுறை வருகிறது. உடனே பதினைவர், இருபதின்மர் எனக் கூட்டம் சேர்கிறது. வண்டி, படகு, அறை, மூன்று வேளை உணவு, நீரடி பார்க்கும் கண்ணாடி அனைத்தையும் ஒரே கட்டணத்தில் அடக்கித் தரப் பயண முகவர் காத்திருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து புறப்படுவோர் மெர்சிங் படகுத்துறை வழியே தியோமானுக்கும், கோலாலம்பூரிலிருந்து புறப்படுவோர் இரவுப் பேருந்தேறிக் கோலா பெசுட் வழியே பெர்ஹெந்தியானுக்கும் போகிறார்கள். மூன்றாம் நாள் தோல் கருத்துத் திரும்புகிறார்கள். நாட்டைப் பார்த்தாயிற்று என்று வீட்டுக்குச் செய்தியும் போய்விடுகிறது.

எந்த நாட்டை?

இளையோர் கடலாடி மகிழ்வதைக் குற்றம் என்பார் இலர். குற்றம் அவர்கள் போகும் முறையில் உள்ளது. தனியே செல்பவன் வழி கேட்டாக வேண்டும். கேட்டால் நான்கு சொற்களேனும் மலாயில் பேசியாக வேண்டும். கூட்டமாய்ச் செல்பவனுக்கு அந்தத் தேவையே எழுவதில்லை. தன்னாட்டாரோடு உண்டு, தன்னாட்டாரோடு பாடி, தன்னாட்டாரோடு திரும்புகிறான். அவனைச் சுமந்து சென்ற படகோட்டியின் பெயரைக்கூட அவன் அறியான். இதற்கு ஏன் கடல் கடந்து வரவேண்டும்?

பெர்ஹெந்தியான் என்னும் மலாய்ச் சொல்லுக்குத் தங்குமிடம் என்று பொருள். வணிகக் கலங்கள் ஒதுங்கி இளைப்பாறிய தீவுகள் அவை. சிறிய பெர்ஹெந்தியானில் பள்ளியும் பள்ளிவாசலும் கொண்ட மீனவக் கம்பம் ஒன்று உண்டு. முகவர் தரும் வண்ணத் தாளில் வெண்மணலும் ஆமையும் பவளமும் உள்ளன, கம்பத்தைத்தான் காணோம்.

அக்கம்பத்தார்க்குச் சட்டம் கடுமையானது. 1994-இல் தீபகற்பத்தின் கிழக்குக்கரைத் தீவுகள் பலவற்றைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பு, கரையிலிருந்து 2 கடல்மைல் வரை, கடற்பூங்கா ஆயிற்று. அவ்வெல்லைக்குள் மீன் பிடிக்கலாகாது. பவளத்தைக் காக்க வேறு வழியில்லை, சட்டம் நன்றே. ஆயின் தந்தை வலைவீசிய நீரில் மகன் வலைவீசினால் கரையிலிருந்தே கண்டு பிடித்துவிடலாம். நீந்தத் தெரியாத இருபதின்மர் மிதவைச் சட்டையோடு இறங்கிப் பவளத்தின்மேல் கால் ஊன்றி நிற்பதைப் பிடிப்பார் யார்? அதுவும் குற்றந்தான், நீருக்கடியில் நடப்பதால் கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவே. இன்னொரு விந்தையும் உண்டு. கடற்பூங்காவின் நீர் மத்திய அரசின் பொறுப்பு. தீவின் நிலமோ மாநில அரசின் பொறுப்பு. விடுதிக் கழிவுநீர் இந்த எல்லைக்கோட்டை அறியுமா?

பவளம் கல்லன்று, உயிர். தன் உடலுக்குள் வாழும் நுண்பாசியால் உணவும் நிறமும் பெறுவது. கடல் அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. 2010-இல் இவ்வாறு வெளுத்தபோது தியோமான், ரெடாங் முதலிய தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சில மூடப்பட்டன. கடல் சூடேறியது சுற்றுலாவால் அன்றே என்று வாதிடலாம். உண்மைதான். நோயாளியின் காய்ச்சலுக்குப் பார்க்க வந்தோர் காரணர் அல்லர். அதற்காக இருபதின்மர் கட்டிலைச் சூழ்ந்து நிற்கலாமா?

தாய்லாந்தின் மாயா விரிகுடாவைப் பாருங்கள். 2000-இல் வெளியான ஓர் ஆங்கிலத் திரைப்படத்தால் புகழ்பெற்ற அச்சிறு கரையில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் இறங்கினர். 2018-இல் அதை மூடினார்கள். 2022 தொடக்கத்தில் திறந்தபோது படகுகள் முன்புறம் வரத் தடையும், வருவோர் எண்ணிக்கைக்கு வரம்பும் விதித்தார்கள். ஆள் நடமாட்டம் ஓய்ந்த காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் திரும்பி வந்திருந்தன. கூட்டமே கேடு என்பதற்கு இதினும் சான்று வேண்டுமோ?

சுற்றுலா இல்லையேல் தீவினர் எதை உண்பர் என்று கேட்போர் உளர். நேர்மையான கேள்வி. வலையைக் கைவிட்டவனுக்குப் படகோட்டும் கூலி வேண்டுமே. ஆயின் நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று எழுந்ததும் விடுதிகளுள் பெரும்பாலானவை சாத்தப்படும், கூலியும் நின்றுவிடும். அந்நாளில் கம்பத்து அடுப்பைப் பற்றி முகவர்க்குக் கவலையில்லை. தொகை முழுவதையும் நகரத்தில் செலுத்திவிட்டு வரும் கூட்டத்தால் கம்பத்துக் கடைக்குக் கிடைப்பது எவ்வளவு? அதே இருபதின்மர் நால்வர் நால்வராகச் சென்று, கம்பத்தில் உண்டு, படகுக்கூலியைப் படகோட்டியின் கையிலேயே கொடுத்தால் அத்தீவுக்கு நட்டமா, ஊதியமா?

இனி, மறதியைப் பற்றியும் சொல்லவேண்டும். ரெடாங் செல்வோர்க்கு அருகிலேயே பீடோங் தீவையும் காட்டுகிறார்கள், மீன் பார்க்க. 1978 முதல் 1991 வரை வியட்நாமிய ஏதிலியர் முகாம் அது. ஏறத்தாழ 1 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 1979-இல் 40,000 பேர் அடைந்து கிடந்தனர். மொத்தத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதன் வழியே பிற நாடுகளுக்குச் சென்றனர். அத்தீவின் முன் ஒருமணிப்பொழுது மிதந்துவிட்டுத் திரும்புவது பார்ப்பதாகுமா?

தமிழர்க்கும் இதில் பங்குண்டு. பினாங்கை அடுத்த ஜெரஜாக், தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த கூலித் தொழிலாளரைத் தொற்றுநோய்க்கு அஞ்சித் தடுத்து வைத்த தீவு. தொழுநோயாளர் இடமாகவும், பின்னர் 1969 முதல் 1993 வரை சிறையாகவும் இருந்து, 2004-இல் உல்லாச விடுதி ஆயிற்று. சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவும் அத்தகைய தடுப்பிடமே. குடும்பம் குடும்பமாக அங்கே சோற்றுப் பொட்டலம் கொண்டு செல்லும் நம்மவருள் எத்தனை பேர் பாட்டன் அங்கே நின்ற கதையைப் பிள்ளைக்குச் சொல்கின்றனர்? அயல்மாணாக்கரை மட்டும் பழிப்பது முறையன்று.

எனினும் அவர்களை வரவேற்கும் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு கடமை உண்டு. விசா, வங்கிக்கணக்கு, தங்கும் விடுதி எனப் பக்கம் பக்கமாய் அறிவுரை அச்சிடுகிறவர்கள், தீவுக்குப் போவோர்க்கு இரண்டு பக்கம் அச்சிடலாகாதா? கம்பத்தின் பெயர், பீடோங்கின் கதை, பவளத்தின்மேல் நிற்கலாகாது என்னும் எச்சரிக்கை, மலாயில் நலம் விசாரிக்கும் நான்கு தொடர்கள் இருந்தால் போதும். அடுத்த இடைவிடுமுறைக்கு முகவரின் வண்ணத்தாள் விடுதிக் கதவுகளில் ஒட்டப்படுமுன் அவ்விரண்டு பக்கமும் மாணாக்கர் கைக்கு வந்துசேரட்டும்.